பின்வாசலிலிருந்து வரைந்தால் செட்டிநாடு எப்படித் தெரியும்?

போன மாதம் கைபேசிக்கு ஒரு ஓவியம் வந்தது. நீர்வண்ணத்தில் வரைந்தது. செட்டிநாட்டு வீட்டு முற்றம், நல்ல மழை, நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் சரம் சரமாக விழுகிறது, ஒரு பையனும் ஒரு பெண்ணும் முற்றத்துப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருக்கிறார்கள், மூலையில் ஒரு பித்தளை அண்டா. இரண்டு பிள்ளைகளும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே, வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டுக்குப் போகும் கதவு சாத்தியிருக்கிறது.

ஒரே நாளில் நாலு பேர் அதே படத்தை அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருத்தி, என்னோடு பள்ளியில் படித்தவள், படத்தைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது என்று குரல் செய்தி போட்டிருந்தாள். அவள் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் இல்லை. நானும் இல்லை. காரைக்குடியில் வரிசையாக எட்டு வீடு, பொதுக் கிணறு, பொதுக் கழிப்பறை என்று இருந்த லைன் வீட்டில் அடுத்தடுத்த வாசல் எங்களுடையவை. அப்புறம் ஏன் எங்கள் இரண்டு பேருக்கும் தொண்டை அடைத்தது? அதைத்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வகை ஓவியங்கள் இப்போது ஏராளமாக வருகின்றன. திண்ணை, வாடகை சைக்கிள், குச்சி ஐஸ் வண்டி, பல்லாங்குழி, மழையில் காகிதக் கப்பல். எந்த ஊராக இருந்தாலும் இந்தச் சாமான்கள் பொருந்தும். ஆனால் செட்டிநாடு என்று வந்தால் படத்துக்கு ஒரு அமைப்பு வந்துவிடுகிறது, பத்துப் படம் எடுத்தால் ஏழு படமாவது அப்படித்தான் இருக்கும்: ஓவியர் தலைவாசலில் நின்று உள்ளே பார்க்கிறார்.

அது தற்செயல் இல்லை, வீடே அப்படிக் கட்டப்பட்டது. பெரிய வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்துப் பின்தெருவில் முடியும். முன்னால் முகப்பு, திண்ணைகள். அதைத் தாண்டினால் வளவு, அதன் நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அப்புறம் இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி, கிணறு, பின்வாசல். வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் தலைவாசலில் நின்றால் பின்தெரு வெளிச்சம் வரைக்கும் தெரியும். முகப்பு இருட்டு, முற்றம் வெளிச்சம், நடை இருட்டு, அடுத்த முற்றம் வெளிச்சம் என்று மாறி மாறிச் சின்னதாகிக்கொண்டே போகும் சட்டங்கள். படம் வரையத் தெரிந்த எவரும் அந்த இடத்தில் நின்றால் கை அரிக்கும். நடுக்கோட்டில் ஒரு குழந்தையை நிறுத்திவிட்டால் போதும், பார்க்கிறவர் மனசு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிடும்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. இந்த வீடுகளை இப்போது ஏக்கத்தோடு வரைகிறோம், சரி. இந்த வீடுகளே ஏக்கத்தில் கட்டப்பட்டவை.

நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள், இன்று 70க்குச் சற்று மேல் இருக்கின்றன. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் வறண்ட செம்மண் பூமி. இங்கே விளைந்து சேர்த்த பணம் இல்லை இந்த வீடுகள். 19ஆம் நூற்றாண்டில் வட்டிக்கடையும் வியாபாரமும் செய்ய பர்மா, இலங்கை, மலாயா என்று ஆண்கள் போனார்கள். அதற்கு இந்தப் பக்கத்தில் ஒரு சொல் உண்டு, 'கொண்டுவிக்கப் போயிருக்கிறார்' என்பார்கள். போனவர் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கில் போவார், மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பார்கள். ரங்கூனிலோ பினாங்கிலோ கிட்டங்கியில், அதாவது கடையும் தங்குமிடமுமான கட்டடத்தில், பெட்டகத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, ஊரில் எழும்பப் போகும் வீட்டை அந்த மனிதர் மனசுக்குள் வரைந்திருக்கிறார். பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி. சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த பூச்சை, கையால் தடவினால் இன்றைக்கும் பளிங்கு மாதிரி வழுக்கும். தான் வருஷக்கணக்கில் இருக்க முடியாத வீட்டுக்கு ஒருவர் இவ்வளவு செய்கிறார் என்றால் அதைப் பகட்டு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. பகட்டும் இருந்தது. அதற்கு அடியில் ஊர் நினைப்பும் இருந்தது.

இதன் மறுபக்கம் பிள்ளைகள். அந்த வீடுகளில் வளர்ந்த குழந்தைக்கு அப்பச்சி, அதாவது அப்பா என்பவர் பல வருஷங்களுக்கு ஒரு படம்தான். வளவுச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, முன்பக்கம் சாய்த்து மாட்டிய கண்ணாடிச் சட்டத்துக்குள், வெளிநாட்டு ஸ்டுடியோவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்திலேயே சாமி படங்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணத்தாளில் வீடு வீடாக வந்தார்கள். செட்டிநாட்டில் அந்தத் தாளை அப்படியே மாட்டிவிடவில்லை. லட்சுமிக்கு நிஜத் துணியில் சேலை வெட்டி ஒட்டி, கரையில் ஜரிகை வைத்து, கழுத்துக்கு மணியும் சமிக்கியும் பதித்து, அப்புறம்தான் சட்டம் போட்டார்கள். அச்சில் ஆயிரக்கணக்கில் வந்த ஒரு படம் அந்தக் கை பட்டதும் அந்த வீட்டு லட்சுமி ஆகிவிடுகிறாள். பழைய சாமான் கடையில் அப்படி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஜரிகை கறுத்திருந்தது, சேலை மடிப்பு மட்டும் கலையாமல் இருந்தது. யாரோ ஒரு பெண் மத்தியான நேரத்தில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டியிருக்கிறாள்.

எங்கள் லைன் வீட்டில் ரவிவர்மா படம் இல்லை. கோவில்பட்டி கொண்டையராஜு பாணியில் வரைந்த முருகன் காலண்டர் இருந்தது, வருஷம் முடிந்த பிறகும் கீழே தேதித்தாள் இல்லாமல் வெறும் முருகன் பல வருஷம் சுவரில் நின்றார். அழகு என்று நான் முதலில் பார்த்தது அந்த மயிலின் கழுத்து நீலம்.

படங்களால் நிரம்பிய இந்த வீடுகள் காலியானது எப்படி என்பது சுருக்கமான கதைதான். 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் திருப்பித் தர முடியாமல், கீழ்பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. பணமாக இருந்தது மண்ணாக மாறியது, அந்த மண்ணைக் கப்பலில் ஏற்ற முடியாது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் வந்தது. மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தவர்கள் உண்டு. சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது, 1963, 64இல் வங்கியும் கடைகளும் தேசியமயமாயின. பர்மாப் பணம் நின்றது. இளைய தலைமுறை சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போனது.

மிச்சம் இருந்தது வீடு. அதில் ஒரு சிக்கல். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் ஒரு அறை. கூட்டாக இருந்தாலும் அடுப்பு தனி. மூன்று தலைமுறை போனால் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள்கூட இருப்பார்கள், எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் ஓடு மாற்ற முடியும், எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் விற்கவும் முடியும். பல வீடுகள் பூட்டிய அறைகளோடு கல்யாணத்துக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கின்றன. சில வீடுகளைப் பிரித்துவிட்டார்கள். பிரித்த சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் வந்து நிற்கும்: கதவு, தூண், மங்குத் தட்டு, பல்லாங்குழி, யாரோ ஒருவருடைய அப்பச்சி படம். சட்டத்துக்காக வாங்குகிறார்கள், உள்ளே இருப்பவரைக் கடையிலேயே எடுத்துவிடச் சொல்கிறார்கள். அதை ஒரு முறை நேரில் பார்த்தேன், அன்று முழுக்க மனசு சரியில்லை.

செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. அதனால் இடிப்பது நின்றுவிடவில்லை. ஓவியங்கள் பெருகும் காலமும் வீடுகள் குறையும் காலமும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். வீடு போகப் போக அதன் வேலையைப் படம் எடுத்துக்கொள்கிறது. பங்காளிகள் முப்பது பேரும் அந்த வீட்டைப் பங்கு போட முடியாது, அதன் ஓவியத்தின் பிரதியை முப்பது பேரும் மாட்டிக்கொள்ளலாம்.

சரி, அந்த வீட்டில் பங்கே இல்லாத எங்களுக்கு ஏன் அழுகை வந்தது?

இதற்கு ஒரு பாதி விடையை மனவியலாளர்கள் சொல்கிறார்கள். ஜார்ஜியா நிக்ரோ, உல்ரிக் நைசர் என்ற இரண்டு பேர் 1983இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாம் ஒரு சம்பவத்தை நினைக்கும்போது இரண்டு விதமாகப் பார்க்கிறோம்: நம் கண் வழியாக, அல்லது வெளியே நின்று நம்மையே பார்ப்பது போல. பழைய நினைவுகளில் இந்த இரண்டாவது வகை அதிகம் என்று கண்டார்கள். நீங்களே செய்து பாருங்கள், ஆறு வயதில் ஊருணிப் படியில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் உங்கள் முதுகு தெரிகிறதா, தண்ணீர் தெரிகிறதா? எனக்கு முதுகுதான் தெரிகிறது, ரெட்டைச் சடையும் நாடாவும். அதனால்தான் இந்த ஓவியங்களில் குழந்தைகள் முகம் காட்டுவதில்லை என்று நினைக்கிறேன். முகம் இருந்தால் அது வேறு யாரோ. முதுகு என்றால் அது நான். ஓவியர் ஒரு காலி இடம் விட்டுவைக்கிறார், நாம் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

ஆனால் காலி இடம் மட்டும் போதாது. எந்த ஊர் என்று தெரியாத திண்ணையில் எல்லாரும் உட்காரலாம், யாருக்கும் தொண்டை அடைக்காது. மனோகர் தேவதாஸ் மதுரையை வரைந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1936இல் மதுரையில் பிறந்து, 1940களின் ஊரைப் பேனாவும் மையுமாகப் பிற்காலத்தில் வரைந்தவர். விழித்திரை நோயால் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்த காலத்திலும் கோபுரத்தின் சுதை, வயல், யானைமலை என்று ஒவ்வொரு கோடாக எண்ணி எண்ணிப் போட்டிருக்கிறார். 2022இல் காலமாகும்வரை மதுரை அவர் கையில் இருந்தது. அவர் படத்தில் இருப்பது பொதுவான கிராமம் இல்லை, அந்தத் தெருவின் அந்தத் திருப்பம். இன்னொருவர் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த இளையராஜா, 2021இல் கொரோனாவில் நாம் இழந்த ஓவியர். மரக்கதவோரம் நிற்கும் பெண்ணின் கன்னத்தில் அடுப்படி ஜன்னல் வெளிச்சம் விழுவதை அவர் மாதிரி பிடித்தவர்கள் குறைவு. இப்போது வரும் செட்டிநாட்டு ஓவியங்கள் நிறையவற்றில் அவர் சாயல் தெரிகிறது. ஆனால் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெண் அங்கே என்ன வேலையாக நின்றாள் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

இந்த மண்ணில் பிறந்த ஓவியர் எல்லாரும் தூணும் திண்ணையும்தான் வரைய வேண்டும் என்றும் இல்லை. தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்எம். பழனியப்பன் அச்சு ஓவியத்தில் கோடுகளையும் இயக்கத்தையும் வைத்து உலகம் அறிந்த கலைஞரானவர். அவர் படத்தில் ஒரு திண்ணையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு இடத்தில் மட்டும் நான் ஓவியர்களோடு கொஞ்சம் சண்டை போடுவேன், அது தரை. எல்லாரும் தூணை வரைகிறார்கள், தூண் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிவது. குழந்தைக்கு வீடு என்பது தரைதான். பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் செய்யும் தரைக்கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறீர்களா? சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். அந்தக் கல்லை நெருப்பில் சுடுவதே இல்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைப்பார்கள், அதற்குள் பூ வடிவ உலோக அச்சு. வண்ணம் கலந்த சிமென்ட் கூழைச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றி, அச்சை ஆடாமல் மேலே தூக்கும்போது சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் கலக்காமல் நிற்கும். சில பேர் அச்சே இல்லாமல் கையால் பூ போடுவார்கள். அதன் மேல் மணலும் சிமென்டும் கலந்த உலர்ந்த பொடி, அதன் மேல் ஈரக் கலவை, அப்புறம் சில நாள் தண்ணீர்த் தொட்டி. காய்ந்ததும் கண்ணாடி தானாகப் பிரியும், பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. அதாவது செய்கிறவர் கடைசிவரை முதுகுப் பக்கத்தைத்தான் பார்க்கிறார், பூவின் முகம் கீழே இருக்கிறது. அப்புறம் தேங்காயெண்ணெயும் மனிதர்கள் நடக்கும் காலும்தான் மெருகு.

அந்தக் கல் ஈரமானால் நிறம் ஒரு பங்கு ஆழமாகும். எனக்கு வந்த மழை ஓவியத்தில் அதை மட்டும் சரியாகப் பிடித்திருந்தார், முற்றத்தை ஒட்டிய இரண்டு வரிசைக் கல் மட்டும் கருஞ்சிவப்பு. என் தொண்டை அடைத்தது அங்கேதான்.

ஏனென்றால் அந்தத் தரையை எனக்குத் தெரியும். என் அப்பத்தா ஒரு பெரிய வீட்டில் நெல் அவிக்க, மாவிடிக்க, வத்தல் போட, கல்யாணம் வந்தால் பலகாரத்துக்கு என்று நாற்பது வருஷம் போய்வந்தவர். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். நாங்கள் போனது பின்வாசல் வழியாக. அங்கே நின்று பார்த்தால் அதே நேர்கோடுதான், அதே வெளிச்சமும் இருட்டும்தான், ஆனால் எல்லாம் தலைகீழ் வரிசை. முதலில் கிணறு, புகை படிந்த அடுப்படிச் சுவர், ஆட்டுரல், உலக்கை, காயும் மிளகாய், அப்புறம் முற்றம், முற்றத்துக்கு அப்புறம் வளவு. கடைசியில், எட்டாத தூரத்தில், தெருவாசலில் ஒரு சதுர வெயில். அந்தச் சதுரத்தை நோக்கி நான் ஒரு முறை ஓடியிருக்கிறேன். வளவு வரைக்கும் போய்விட்டேன், அந்த வீட்டு ஆச்சி பார்த்துவிட்டுத் திட்டவில்லை, ஓலைக் கொட்டானில் நாலு மாவுருண்டை போட்டுக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அதில் அன்பும் இருந்தது, எல்லையும் இருந்தது. இரண்டும் எனக்கு அந்த வயதிலேயே புரிந்தது.

செட்டிநாட்டுச் சிறுவயது என்றால் அது வளவுக்குள் மட்டும் நடந்தது இல்லை. ஆத்தங்குடிப் பட்டறையில் வண்ணம் கரைத்தவர்களின் பிள்ளைகள், கண்டாங்கிச் சேலை நெய்தவர்களின் பிள்ளைகள், புரவியெடுப்புக்கு மண்குதிரை வனைந்தவர்களின் பிள்ளைகள், எல்லாருக்கும் சிறுவயது இருந்தது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய குழந்தையை யாரும் இன்னும் வரையவில்லை, நான் பார்த்தவரை. அய்யனாருக்குக் குதிரை தூக்கிப் போகிற அன்று, ஆள் உயர மண்குதிரை வண்ணம் காயாமல் தோளில் ஆடிக்கொண்டு வருவதைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் குழந்தை கண்ணில் அந்தக் குதிரை எவ்வளவு பெரிசு! குடிக்கிற ஊருணியில் கால் வைத்ததற்காக அடி வாங்கிய பையனை வரையலாம். பூட்டிய வீட்டுத் திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதிய லைன் வீட்டுப் பெண்களை வரையலாம். திண்ணை எங்களை யார் என்று கேட்டதில்லை.

இப்போது கணினி தானே உருவாக்கும் படங்களும் இதே வரிசையில் வருகின்றன. 'செட்டிநாடு' என்று போட்டிருக்கும், கூரை கேரளத்துச் சாய்ப்பாக இருக்கும், கதவு வடநாட்டுக் கதவாக இருக்கும், பாட்டி கட்டியிருப்பது எந்த ஊர்ச் சேலை என்றே தெரியாது. கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஈரக் கல் எது, காய்ந்த கல் எது என்று அதற்குத் தெரியாது.

அப்பத்தாவுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். ஞாயிற்றுக்கிழமை அந்த மழைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். அழகா இருக்கு என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அண்டாவ இங்கிட்டு வச்சா எப்படி ஆத்தா நெறையும்? தண்ணி அந்த மூலையிலல்ல கொட்டும்" என்றார்.

அப்புறம் சாத்தியிருந்த கதவின் மேல் விரலை வைத்தார். விரல் பட்டதும் படம் நகர்ந்துவிட்டது, திரும்பச் சரி செய்து கொடுத்தேன்.

"மழை இந்தப் போடு போடுது, இந்தக் கதவ எதுக்குச் சாத்தியிருக்காக? பின்னாடி வத்தல் காயுமே. எடுக்க ஓடணும்ல. நான் ஓடுவேன், உங்க சின்ன அப்பத்தா ஓடும், முறத்தத் தூக்கிக்கிட்டு நீ ஓடியாருவ. கதவத் தெறந்து போடச் சொல்லு."